வெற்றுப் பாரத்தில் ஏன் கையெழுத்து?

பின்னால் வந்து மோதியவன் எவனோ. குற்றவாளியாகி நிற்பவர் நம்மவர், தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். விடுமுறையில் சொந்தக் காரில் போனவர், அழையாமல் வந்த இழுவை லோரிக்காரன் நீட்டிய வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். போலீஸ் புகார்? செய்யவில்லை. "சின்ன இடிதானே சார், எதுக்கு வம்பு?" என்கிறார்!

வம்பா? 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், 52-ஆவது பிரிவு, 24 மணி நேரத்திற்குள் புகார் செய்யச் சொல்கிறது. மோதியவன் உடனே போய்த் தன் கதையை எழுதி வைத்துவிட்டான். நம் கதையை யார் எழுதுவது?

புகார் மலாயில் பதிவாகும். படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாதது அதில் இருந்தால் திருத்தும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். படித்த பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள். திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம், போலீஸ் நிலையத்துக்கு மட்டும் தனியாகவா?

முழுக் காப்புறுதி உள்ளவர்களே, தவறு எதிராளியுடையது என்று போலீஸ் முடிவு செய்தால் உங்கள் நிறுவனத்திடமே பழுதுச் செலவைக் கோரலாம். என்சிடி போகாது. ஐந்து வருடம் சேர்த்த 55 விழுக்காடு ஐயா அது! பட்டறைக்காரன் இதைச் சொல்லமாட்டான், அவனுக்கென்ன நட்டம்?

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தானா? எதிராளியின் நிறுவனத்திடம் கோருங்கள். கையை விரித்தால், 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாக, வழக்கறிஞர் இல்லாமல், மோதியவன் மீது நீங்களே வழக்குப் போடலாம்.

அந்தப் பாரத்தின் நகலைக் கேட்டுப் பட்டறைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.