குளவிக்கூடும் விமானத்தின் வேகமும்

போன மாசம் விமானத்தில் ஏறினோம். மேலே கிளம்பியதும் என் மகள் கேட்டாள்: "அம்மா, சக்கரம்தான் உள்ள போயிடுச்சே. இப்போ ஸ்பீட் எவ்வளவுன்னு பைலட்டுக்கு எப்படித் தெரியும்?"

"ஜிபிஎஸ் இருக்கும்மா" என்று சொல்லித் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, என் பதில் பாதிதான் சரி. ஜிபிஎஸ் தரையைக் கணக்கில் வைத்து வேகம் சொல்லும். ஆனால் விமானத்தைத் தாங்குவது தரை இல்லையே, காற்று! இறக்கை மேல் காற்று எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதுதான் பைலட்டுக்கு முக்கியம்.

அதை அளப்பது பிட்டோ குழாய். 1732-ல் ஆன்றி பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர், பாரிஸில் சேன் நதியின் வேகத்தை அளக்க, வளைந்த குழாய் ஒன்றை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தார். ஓட்டம் வேகமாக இருந்தால், குழாய்க்குள் தண்ணீர் அதிகம் ஏறும். விமானத்திலும் இதே கதைதான். முன்னால் பார்த்திருக்கும் குழாயில் காற்று மோதி நிற்கும்போது அழுத்தம் கூடும். விமானத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஓட்டையில் சாதாரணக் காற்றழுத்தம் மட்டும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருந்து வேகம் கிடைக்கும். வேகம் 2 மடங்கானால் வித்தியாசம் 4 மடங்காகும்.

பிள்ளைகளோடு செய்து பாருங்கள். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டியூபை 'ப' எழுத்து மாதிரி வளைத்து, கலர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஹேர் டிரையருக்கு நேராகத் திருப்புங்கள் (சூடு வேண்டாம், குளிர்ந்த காற்று போதும்). இன்னொரு முனையில் காற்று படக் கூடாது. இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 1 செ.மீ. வித்தியாசம் வந்தால், காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 46 கி.மீ.!

இந்தச் சின்னக் குழாய் அடைத்துக்கொண்டால்? 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிகன் குடியரசில் கிளம்பிய ஒரு விமானம் கடலில் விழுந்து, 189 பேர் இறந்தார்கள். சில நாட்களாகப் பறக்காமல் நின்றிருந்த விமானம் அது. பிட்டோ குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தது. அடைபட்ட குழாய்க்குள் குறையவில்லை. அதனால் கேப்டனின் மீட்டர் இல்லாத வேகத்தைக் காட்டியது. உண்மையில் விமானம் வேகம் இழந்துகொண்டிருந்தது. துணை பைலட்டின் மீட்டர் சரியாகத்தான் காட்டியது.

நம்ம ஊர் வீட்டுச் சுவர்களில் பார்த்திருக்கிறோமே, அதே மாதிரி மண்கூடு. அதனால்தான் நிற்கும் விமானங்களில் இந்தக் குழாய்க்குச் சிவப்பு நாடா தொங்கும் உறை போடுகிறார்கள்.

மகளிடம், "அன்னைக்கு நான் சொன்னது சரியில்லடா" என்று சொல்லி, இதையெல்லாம் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ கிளம்புறதுக்கு முன்னாடி அந்த உறையைக் கழட்டிட்டாங்களான்னு யார்மா பார்ப்பாங்க?"

பைலட்டோ தரைப் பணியாளரோ விமானத்தைச் சுற்றி வந்து பார்ப்பார்கள். இந்த முறை பதில் தெரிந்திருந்தது.