செத்தவர் விஞ்ஞானி, வந்தவர் போலீஸ்காரர்

'சியர்ஸ்' பார்த்துவிட்டு 'ஃப்ரேசியர்' பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: செத்துப்போன அப்பா எப்படி எழுந்து வந்தார்?

நியாயமான கேள்வி. பாஸ்டனில் ஒரு மதுக்கடையைச் சுற்றி நடக்கும் கதை 'சியர்ஸ்'. 1982 முதல் 1993 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஓடியது. 1984-இல் அதற்குள் வந்து சேர்ந்த மனநல மருத்துவர் ஃப்ரேசியர் கிரேன், தன் அப்பா ஓர் ஆராய்ச்சி விஞ்ஞானி என்றும் அவர் இறந்துவிட்டார் என்றும் அங்கே ஒருமுறை சொல்கிறார். 1993 செப்டம்பரில் அதே ஃப்ரேசியரை நாயகனாக்கித் தனித் தொடர் தொடங்குகிறது. சியாட்டில் நகரம், ரேடியோவில் மனநல ஆலோசனை, அலங்காரமான அடுக்குமாடி வீடு. முதல் அத்தியாயத்திலேயே, இடுப்பில் குண்டடி பட்ட ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஒரு நாயோடும் கிழிசல் நாற்காலியோடும் அந்த வீட்டுக்குக் குடிவருகிறார். மார்ட்டின் கிரேன், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், ஃப்ரேசியரின் அப்பா.

"சிட்காமில் போய் லாஜிக் பார்க்கலாமா?" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. ஓர் ஆள் ஏன் இப்படிப் பேசுகிறான், எதற்காக இதை மறைக்கிறான் என்பது நமக்கு உள்ளூரப் புரிந்தால்தான் சிரிப்பு வருகிறது. காரணம் கேட்கிற ரசிகர் அந்தப் பாத்திரத்தை உயிருள்ள மனிதராக நம்பிவிட்டார் என்று அர்த்தம். எழுதியவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

'ஃப்ரேசியர்' தொடரை உருவாக்கிய டேவிட் ஏஞ்சல், பீட்டர் கேசி, டேவிட் லீ மூவரும் 'சியர்ஸ்' தொடரில் வேலை பார்த்தவர்கள். பழைய வசனம் தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது. கண்டுகொள்ளாமல் போயிருக்கலாம்; பல தொடர்கள் அப்படித்தான் போயிருக்கின்றன. இவர்கள் போகவில்லை. 1995 பிப்ரவரியில் வந்த ஓர் அத்தியாயத்தில், பாஸ்டன் மதுக்கடையின் சாம் மலோன் சியாட்டிலுக்கு வருகிறார். மார்ட்டினைப் பார்த்ததும், "உங்கள் மகன் நீங்கள் இறந்துவிட்டதாகச் சொன்னாரே, விஞ்ஞானி என்றாரே" என்கிற விஷயத்தை அந்த வீட்டுக்குள்ளேயே போட்டு உடைக்கிறார். ரசிகர்கள் கேட்ட கேள்வி கதைக்குள் ஒருவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஃப்ரேசியர் நெளிகிறார். அப்பாவோடு சண்டை, அவர் போனை வைத்துவிட்டார், அந்தக் கோபத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்கிறார்.

ஒரு நிமிஷம்கூட ஆகாது அந்த விளக்கத்துக்கு. ஆனால் எழுத்தாளர்களின் பிசகாக இருந்தது, அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு மகனின் செய்கையாகிவிட்டது. இனி 'சியர்ஸ்' தொடரில் அந்தப் பழைய காட்சியைப் பார்க்கும்போது நமக்குத் தகவல் கேட்காது, பொய் கேட்கும்.

இறந்துவிட்டார் என்றது கோபம். சரி, விஞ்ஞானி என்றது எதற்கு? இதற்குத் தொடரில் நேரான பதில் இல்லை, என் பதிலைச் சொல்கிறேன். ஃப்ரேசியர் ஹார்வர்டில் படித்தவர். அம்மா ஹெஸ்டரும் மனநல மருத்துவர். ஓப்பரா, ஒயின் என்று வாழ்கிற அந்த மனிதருக்கு, கையில் பியரோடு டிவியில் மேட்ச் பார்க்கிற போலீஸ்கார அப்பா ஒரு சங்கடம். ஆனால் அந்த மதுக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? முன்னாள் பேஸ்பால் ஆட்டக்காரர் சாம், கணக்குப் பார்க்கிற நார்ம், தபால்காரர் கிளிஃப். போலீஸ்காரர் மகன் என்று சொல்லியிருந்தால் தோளில் தட்டி இன்னொரு பியர் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் முன்னால் வெட்கப்பட ஒரு காரணமும் இல்லை. ஆக, வெட்கம் கேட்டவர்களுக்காக வந்ததல்ல. தனக்கு எப்படிப்பட்ட அப்பா வேண்டும் என்று ஃப்ரேசியர் ஏங்கினாரோ அவரை அங்கே செய்துகொண்டார். செய்த கையோடு சாகடிக்கவும் செய்தார். பதினொரு பருவம், 264 அத்தியாயம் ஓடிய ஒரு தொடரின் மொத்தக் கதையும், அந்தப் பொய்யில் இல்லாமல் போன மனிதரோடு ஒரே கூரையின் கீழ் வாழப் பழகுவதுதான்.

அந்தப் பொய்யோடு உறவு அறுந்துவிடவில்லை என்பதற்குத் தொடரிலேயே சான்றும் இருக்கிறது. முதல் பருவத்தில், கோடு போட்ட துணியில் டேப் ஒட்டிய அந்த நாற்காலியை ஃப்ரேசியர் அப்புறப்படுத்திவிட்டுப் புதிது வாங்கிப் போடுகிறார். மார்ட்டின் பொங்கிவிடுகிறார். நிலவில் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்ததை அதில் உட்கார்ந்துதான் பார்த்தாராம். பேரன் பிறந்துவிட்டான் என்று ஃப்ரேசியர் போனில் சொன்னபோதும் அதில்தான் உட்கார்ந்திருந்தாராம். கணக்குப் பார்த்தால், ஃப்ரேசியருக்குக் குழந்தை பிறந்தது, அப்பா செத்துவிட்டார் என்று சொன்ன பிறகு. அதாவது ஊருக்கு இறந்துபோன அப்பாவுக்கு, பிள்ளை பிறந்த இரவில் மகன் தானாகவே போன் போட்டிருக்கிறார். சாம் வந்து கேட்பதற்கு முன்பே எழுதப்பட்ட வசனம் இது. இரண்டையும் எழுத்தாளர்கள் முடிச்சுப்போட்டு யோசித்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை, அந்த மனிதர்களுக்கு அது பொருந்துகிறது.

அதே முதல் பருவத்தில் மார்ட்டினும் ஒரு பொய்யைச் சுமக்கிறார். குடும்ப நண்பரின் மனைவியோடு அப்பாவுக்கு ஒரு காலத்தில் தொடர்பு இருந்ததோ என்று ஃப்ரேசியருக்குச் சந்தேகம். கேட்கிறார். ஆமாம் என்று மார்ட்டின் ஒப்புக்கொள்கிறார். பிறகு அந்தப் பெண்மணி மூலமாகத்தான் உண்மை தெரிகிறது: தவறியது மார்ட்டின் இல்லை, ஹெஸ்டர், அந்த நண்பரோடு. செய்யாத தப்பை ஏன் ஒப்புக்கொண்டார் என்று கேட்பவர்களுக்கு, பதில் அந்த வீட்டிலேயே இருக்கிறது. மகன்கள் ஃப்ரேசியர், நைல்ஸ் இருவரும் அம்மாவைப் போலவே வளர்ந்தவர்கள், அவள் நினைவில்தான் நிமிர்ந்து நிற்பவர்கள். அது உடைவதைவிடத் தன் பெயர் கெடுவது மேல் என்று நினைத்த மனிதர் அவர். தான் செத்ததாகச் சொல்லப்பட்ட கதையைச் சாம் வாயால் கேட்டபோது அவர் வீட்டை விட்டு வெளியேறவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஜன்னலுக்கு வெளியே தெரியும் சியாட்டில் காட்சி எந்த வீட்டிலிருந்து கிடைக்கும்? எந்த வீட்டிலிருந்தும் கிடைக்காது; அப்படியொரு கட்டடமே அங்கே இல்லை. நைல்ஸின் மனைவி மாரிஸ் ஏன் கடைசிவரை முகம் காட்டவில்லை? அவளைப் பற்றி அடுக்கிய வர்ணனைகள் ஏறிக்கொண்டே போய், எந்த நடிகையாலும் அந்த உருவத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்றாகிவிட்டது. மார்ட்டினைக் கவனித்துக்கொள்ள அந்த வீட்டில் தங்கும் டாஃப்னியின் மான்செஸ்டர் பேச்சு ஏன் ஒட்டவில்லை? நடிகை ஜேன் லீவ்ஸ் எசெக்ஸில் பிறந்தவர். அந்த செட்டில் நிஜமாகவே மான்செஸ்டரில் வளர்ந்தவர், அமெரிக்கப் போலீஸ்காரராக நடித்த ஜான் மஹோனிதான். 2004-இல் கடைசி அத்தியாயத்தில் நைல்ஸ், டாஃப்னி குழந்தைக்கு ஏன் டேவிட் என்று பெயர்? தொடரை உருவாக்கிய மூவரில் ஒருவரான டேவிட் ஏஞ்சலும் அவர் மனைவியும் 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானத்தில் இறந்துபோனார்கள். அந்தப் பெயர் அவருக்காக.

நான் அதிகம் மல்லுக்கட்டியது நைல்ஸ் விஷயத்தில்தான். டாஃப்னியைப் பார்த்த முதல் நாளிலிருந்து 2000 மே வரை, ஏறக்குறைய ஏழு வருஷம், ஏன் வாய் திறக்கவில்லை? கல்யாணமானவர், பயந்தவர், கூச்சக்காரர் என்று சொல்லலாம். போதாது. விவாகரத்துக்குப் பிறகும் சொல்லவில்லையே! கடைசியில், முதுகுவலி மாத்திரையின் மயக்கத்தில் ஃப்ரேசியர் உளறித்தானே டாஃப்னிக்கே தெரிந்தது?

பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. எட்டாவது பருவத்தில் ஜேன் லீவ்ஸ் கர்ப்பமாக இருந்தார். அதை மறைக்க, டாஃப்னி கண்டதைச் சாப்பிட்டுப் பருத்துவிட்டதாகக் கதை கட்டினார்கள். அந்த அத்தியாயங்களில் வரும் உடம்புக் கிண்டல்கள் மலிவானவை, இந்தத் தொடரின் தரத்துக்குக் கேவலம். இத்தனை வருஷம் அவளையே கவனித்துக்கொண்டிருந்த நைல்ஸ் கண்ணுக்கு இது மட்டும் படவில்லையா என்று ரசிகர்கள் கொதித்தது சரிதான். ஆனால் பின்னால் வந்த ஓர் அத்தியாயத்தில் எழுத்தாளர்கள் அந்தக் கேள்வியையே கையில் எடுத்தார்கள். நைல்ஸும் ஃப்ரேசியரும் பழைய நினைவுகளுக்குள் நடந்துபோய்ப் பார்க்கிறார்கள். நைல்ஸ் இத்தனை நாளும் பார்த்தது டாஃப்னியை இல்லை. குறையே இல்லாத ஒருத்தியைத் தானே வரைந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சித்திரத்துக்கு ஈடுகொடுக்க முடியாத பயத்தில்தான் அவள் சாப்பிட்டுத் தள்ளினாள்.

ஏழு வருஷ மௌனத்துக்கும் எனக்கு இதுவே பதிலாகப் பட்டது. சித்திரத்திடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கேட்டால் அது மறுத்துப் பேசக்கூடும். 2000 மே மாதத்தில் டாஃப்னி தன் கல்யாணத்தை விட்டுவிட்டு, கல்யாண உடையோடு வந்து நைல்ஸ் இருந்த வண்டியின் கதவைத் தட்டியது, நைல்ஸ் கேட்டுப் பெற்ற பதில் என்பதைவிட, அவள் தானாக எடுத்த முடிவு என்றே இப்போது பார்க்கிறேன்.