இரண்டு குழாய், ஒரே மேசை

தாய்மார்களே, உங்கள் கழுத்தின் முன்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். வளையம் வளையமாகக் கெட்டியாகத் தட்டுப்படுகிறதே, அதுதான் மூச்சுக்குழாய். அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு பின்னால் இறங்குவது உணவுக்குழாய். அது விரலுக்கு அகப்படாது. இரண்டுக்கும் வாசல் தொண்டை ஒன்றுதான். லயத்தில் நடுச்சுவர் ஒன்றாயுள்ள இரண்டு வீடுகளைப் போல என்று வகுப்பில் சொல்லுவேன். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள் அல்லவா? பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

கருவில் இவ்விரண்டும் ஒரே குழாயாகத் தொடங்கிப் பிறகுதான் பிரிகின்றன. பிரிகிற வேளையில் பிசகினால், உணவுக்குழாயின் மேற்பகுதி பாதி வழியிலே பை போல அடைபட்டு நின்றுவிடும். கீழ்ப்பகுதி பெரும்பாலும் மூச்சுக்குழாயில் போய் ஒட்டியிருக்கும். சுமார் 3,000 முதல் 4,000 பிரசவங்களுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. அடையாளம் இதுதான்: வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில் வந்துகொண்டே இருக்கும், துடைக்கத் துடைக்க நிற்காது. பால் கொடுத்தால் புரையேறி உதடு நீலம் பாரிக்கும்.

நம் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் சீனித் தண்ணீர், தேன், உரைமருந்து என்று நாக்கில் தொட்டு வைக்கப் பாட்டிமார்கள் துடிப்பார்கள். பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லியாக வேண்டும். அவை எந்தக் குழந்தைக்கும் வேண்டியதில்லை. இந்தக் குழந்தைக்கோ உயிருக்கே ஆபத்து. நுரை நிற்கவில்லையென்றால் பால்கூடக் கொடுக்காமல் உடனே மிஸியிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வந்த பிறகென்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே மெல்லிய குழாய் ஒன்றை வாய் வழியாக விட்டுப் பார்ப்பார்கள். அது இரைப்பைக்குப் போகாமல் பாதியில் நின்றால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

இந்தக் குறையைத் தாமஸ் கிப்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1697லேயே விவரமாக எழுதி வைத்தார். எழுத முடிந்ததே தவிர, காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் போயிற்று. 1941இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரில், கேமரன் ஹைட் என்ற அறுவை மருத்துவர் பிறந்து 12 நாளே ஆன ஒரு பெண் குழந்தைக்குத் தவறான இணைப்பை மூடி, இரு முனைகளையும் ஒரே அறுவையில் சேர்த்துத் தைத்தார். அந்தக் குழந்தை பிழைத்தது. முனைகள் எட்டாத தூரத்தில் இருந்தால் என்ன செய்வது? மின்னசோட்டாவில் ஜான் ஃபோக்கர் என்பவர் இரு முனைகளிலும் நூல் கட்டி வெளியே கொண்டுவந்து, நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். இழுக்க இழுக்கக் குழாய் நீண்டது. முனைகள் நெருங்கியதும் தைத்தார். 1997இல் அதை மருத்துவ இதழில் வெளியிட்டார். இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் இத்தகைய குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைத்துவிடுகின்றன.

பிழைத்த பிறகு வருகிற பாடுதான் நான் எழுத வந்தது. தைத்த இடம் தழும்பேறிச் சுருங்கலாம்; இறைச்சித் துண்டும் ரொட்டியும் அங்கே சிக்கும். இரைப்பையின் புளிப்பு மேலே ஏறலாம். மூச்சுக்குழாயின் சுவர் தொய்வாக இருப்பதால் நாய் குரைப்பது போன்ற இருமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதைக் கேட்பவர்கள் எல்லாரும் ஆஸ்துமா என்பார்கள். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு பையன் முதலாம் வகுப்பில் சேர்ந்தான். அவன் தாயார் பையைத் திறந்து மூன்று அட்டைகளை மேசைமேல் வைத்தார். நெஞ்சுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, காது மூக்கு தொண்டைக்கு ஒன்று. “எல்லாரும் நல்ல டாக்டருங்கதான் சார். ஆனா இவரு எழுதுனத அவரு பாக்கிறதில்ல” என்றார். பதினைந்து வருடம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிய அந்த அம்மாள் நோயின் சிக்கலை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே ராபின் காட்டன் என்ற தொண்டை மருத்துவர், சுவாசக் கருவியின் குழாய் நெடுநாள் கிடந்து குரல்வளைக்குக் கீழே சுருங்கிப்போன குழந்தைகளுக்கு, அவர்களுடைய விலா எலும்பின் குருத்தெலும்பை வெட்டி வைத்து மூச்சுவழியை அகலப்படுத்தினார். எவ்வளவு அழகாகத் தைத்தாலும், கீழிருந்து புளிப்பு ஏறினால் புண் ஆறாது. மேலிருந்து எச்சில் இறங்கினால் நுரையீரல் தாங்காது. ஆகவே 1990களின் கடைசியில் தொண்டை மருத்துவர், நுரையீரல் மருத்துவர், வயிற்று மருத்துவர் மூவரும் ஒரு குழுவாகக் கூடினார்கள்.

அவர்கள் செய்கிற முறையைக் கேளுங்கள். குழந்தைக்கு ஒரே ஒரு தடவை மயக்க மருந்து. அந்த ஒரு மயக்கத்திலேயே தொண்டை மருத்துவர் மூச்சுவழியைப் பார்ப்பார். நுரையீரல் மருத்துவர் வளையும் குழாய்க் கருவியோடு இன்னும் உள்ளே போய்ச் சளியை எடுப்பார். வயிற்று மருத்துவர் உணவுக்குழாயைப் பார்ப்பார். விழுங்கும் பயிற்சி தருபவர், குழந்தை விழித்திருக்கும் வேறொரு நேரத்தில், எக்ஸ்ரே ஓட ஓடப் பால் குடிக்க வைப்பார். சில பிள்ளைகளுக்குப் பால் மூச்சுக்குழாயில் இறங்கும், ஆனால் இருமலே வராது. தாய்க்கு எப்படித் தெரியும்? அடிக்கடி நிமோனியா வருவது ஒன்றுதான் தடயம். பிறகு எல்லாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசி, பெற்றோரிடம் ஒரே முடிவைச் சொல்லுவார்கள். 2018இல் இத்தகைய குழுக்களின் மருத்துவர்கள் சேர்ந்து, குழுவில் யார் யார் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதியபோது தாதியையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது.

நமக்குச் சின்சினாட்டி தூரம். ஆனால் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். முதல் பக்கத்தில் என்ன அறுவை, எந்த வருடம், எந்த மருத்துவமனை என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு நிமோனியாவுக்கும் தேதி, ஒவ்வொரு மருந்தின் பெயர், எந்த உணவு சிக்கியது என்பது. எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள்; எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். எந்த டாக்டரிடம் போனாலும் அதை மேசைமேல் விரித்து வையுங்கள்; மற்ற டாக்டர் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று. இப்படிப்பட்ட பிள்ளை கல்யாண வீட்டிலோ பள்ளி இடைவேளையிலோ தின்னும்போது திடீரென நின்று எச்சில் வடித்தால், சோற்றுருண்டையோ வாழைப்பழமோ கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். மூச்சு வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லையென்றால் குனிய வைத்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டுங்கள். பக்கத்திலிருப்பவரை 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். மூச்சு வந்து, விழுங்க மட்டும் முடியவில்லையென்றால், வாயில் ஒன்றும் கொடுக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கவுண்டரில் பெயரைச் சொல்லும்போதே, பிறந்தபோது உணவுக்குழாயில் அறுவை நடந்த பிள்ளை என்பதையும் சொல்லிவிடுங்கள்.