இல்லமும் கருவியும்: நிமிர்ந்த படத்தின் நன்மைகள்



கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து வீடியோ எடுப்போரைக் கண்டால் விவரமறிந்தோர் முகம் சுளிப்பதுண்டு. “படுக்கவைத்துப் பிடியுங்கள், சினிமாவை அப்படித்தானே எடுக்கிறார்கள்” என்பது அவர்களது அறிவுரை. நிமிர்ந்த படங்களை ஒரு நோயாகவே சித்திரித்துக் கேலி செய்த குறும்படம் ஒன்று 2012ஆம் ஆண்டில் யூடியூபில் வெளிவந்து பரவலாகப் பார்க்கப்பட்டது. அவ்வறிவுரையில் நியாயம் உண்டு. ஆனால் அது முழு நியாயம் அன்று. நம் இல்லங்களில் எடுக்கப்படும் படங்கள் பலவற்றிற்கு நிமிர்ந்த வடிவமே ஏற்றது. அதன் குறையாகச் சொல்லப்படும் குறுகலே அதன் பெரிய நன்மையும் ஆகும்.

உருவப் படம் குறித்து உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு நிலவுவதை நாமறிவோம். அவ்விவாதத்துள் இக்கட்டுரை புகவில்லை. எடுப்பதென்று முடிவு செய்துவிட்ட குடும்பத்தார் எப்படி எடுப்பது நலம் என்பதே இங்கு பேசுபொருள்.

முதலில், படம் ஏன் அகலமாயிற்று என்று பார்ப்போம். மனிதனின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. நாம் காணும் பரப்பு உயரத்தைவிட அகலத்தில் மிகுதி. நாடக மேடையும் அகலமானதே. அவ்வழியில் வந்த திரைப்படமும் தொலைக்காட்சியும் அகலத்தையே கைக்கொண்டன. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அளவு 4க்கு 3. இன்றைய திரையின் அளவு 16க்கு 9. இவ்வழக்கத்தை அன்றே எதிர்த்தவரும் உண்டு. ரஷ்யத் திரைப்பட மேதை ஐசன்ஸ்டைன் 1930இல் ஹாலிவுட்டில் ஆற்றிய உரையில், உயர்ந்து நிற்பவற்றுக்குத் திரையில் இடமில்லாமற் போனதைச் சுட்டிக்காட்டி, இரண்டுக்கும் இடமளிக்கும் சதுரத் திரை வேண்டும் என்று வாதிட்டார்.

கைப்பேசியோ உள்ளங்கைக்காகச் செய்யப்பட்ட கருவி. அதை ஒரு கையால் பற்றும்போது அது இயல்பாகவே நிமிர்ந்து நிற்கிறது. அவ்வாறு நிமிர்ந்த திரையில் அகலமான படத்தைக் காட்டினால் திரையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடமே பயன்படும். எஞ்சியது கறுப்பாகக் கிடக்கும். நிமிர்ந்த படத்தைத் தொலைக்காட்சியில் போட்டாலும் இதே கணக்குத்தான். ஆகவே எவ்வடிவம் சிறந்தது என்று வினவுவதைவிட, இப்படத்தை யார், எதில் பார்க்கப் போகிறார் என்று வினவுவதே முறை.

ஒரு காலத்தில் நிக்காஹ் வீடியோவைக் கேசட்டில் பதிந்து, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் செல்வோர் கையில் கொடுத்தனுப்பினோம். குடும்பமே கூடி அமர்ந்து தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது. அதற்கு அகலமான படம் பொருந்திற்று. இன்றோ, ரியாத்தில் பணி முடிந்து அறைக்குத் திரும்பும் மகன் தன் கையிலுள்ள கைப்பேசியில் தனியாகப் பார்க்கிறான். அவன் காண விரும்புவது மண்டபத்தின் அலங்காரத்தை அன்று, உம்மாவின் முகத்தை. மனித முகம் அகலத்தைவிட நீளம் கூடியது. அமர்ந்திருப்பவரின் தலையும் தோளும் மடியில் கிடக்கும் கைகளும் நிமிர்ந்த சட்டத்துள் அழகாக அடங்கிவிடுகின்றன. ஒருவர் ஒருவரிடம் பேசுவதற்கு ஏற்ற வடிவம் அது.

உயரமுள்ளவற்றுக்கும் அதுவே ஏற்றது. அண்ணா சாலை வழியே செல்லும்போது ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலின் மினாராக்களைப் பாருங்கள். படுக்கவைத்த படத்தில் அவை சிறுத்து, போக்குவரத்தே பெருத்துத் தெரியும். மயிலாப்பூரின் கோபுரமும் அப்படியே. 2015 டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்ததைச் சென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு எவ்வளவு பரந்தது என்பதைக் காட்ட அகலப் படம் வேண்டும். வாசற்படியிலிருந்து சுவரில் எவ்வளவு உயரம் நீர் ஏறிற்று என்பதைக் காட்ட நிமிர்ந்த படமே வேண்டும். இழப்பீட்டுக்காகச் சேதத்தைக் காட்ட வேண்டியவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இனி, குறுகலின் நன்மைக்கு வருவோம். தியாகராய நகரில் கல்யாணச் சேலை எடுக்கச் செல்கிறோம். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இருக்கும் பெண் வீட்டாருக்குச் சேலையைக் காட்டக் கைப்பேசியை உயர்த்துகிறோம். தோளிலிருந்து பாதம் வரை தொங்கும் சேலைக்கு நிமிர்ந்த சட்டமே போதுமானது. படுக்கவைத்துப் பிடித்தால் சேலை நடுவில் ஒரு பட்டையாக நிற்க, இரு பக்கமும் கடையில் அமர்ந்திருக்கும் அயல் பெண்கள் அனைவரும் படத்துள் வந்துவிடுவார்கள். அவர்கள் நம்மிடம் அனுமதி தரவில்லை. நாம் கேட்கவும் இல்லை.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். இத்தகைய இடங்களில், நிர்வாகம் அனுமதிக்கும் நேரத்தில், தூரத்திலுள்ள பிள்ளைக்கு அத்தாவின் இரண்டு வார்த்தைகளைப் பதிந்தனுப்ப நேரலாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தம் நோயைத் தம் உறவினருக்கே சொல்லாதவராக இருக்கக் கூடும். நிமிர்ந்த சட்டம் அவரை வெளியே விட்டுவிடுகிறது. அகன்ற சட்டம் அவரையும் அள்ளிக்கொண்டு நாடு நாடாகச் செல்கிறது.

பிறர் இல்லத்துள் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கற்பிக்கும் ஒழுக்கம். பார்வையைத் தாழ்த்துமாறு ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதே அத்தியாயத்தின் 30, 31ஆம் வசனங்கள் கட்டளையிடுகின்றன. கைப்பேசியின் கண்ணும் நம் கண்ணின் நீட்சியே. நம் கண்ணுக்குரிய ஒழுக்கம் அதற்கும் உரியது.

இவ்வடிவத்துக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. டிக்டாக் செயலியில் நிமிர்ந்த படங்கள் பெருகின. அதைத் தடை செய்யுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் பணித்தது. சில வாரங்களில் அத்தடை விலக்கப்பட்டது. 2020 ஜூனில் மத்திய அரசு அச்செயலியைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் அவ்விடத்தைப் பிடித்தன. ஆபாசமும் வீண் ஆட்டமும் அவ்வடிவத்தில் வந்தன என்பதற்காக வடிவத்தைப் பழிப்பது, பொய் எழுதப்பட்டது என்பதற்காகக் காகிதத்தைப் பழிப்பதற்கு ஒப்பாகும்.

படுக்கவைத்தே எடுக்க வேண்டிய காட்சிகளும் உள்ளன. 1795இல் எழுப்பப்பெற்ற திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில், ரமழான் மாதத்தில் நோன்பாளிகள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பர். மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள், சிந்து மாநிலத்திலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் அவர்கள் தொடங்கிவைத்த மரபின்படி, பல ஆண்டுகளாக அங்கே உணவு வழங்கி வருகின்றனர். பரிமாறுவோரும் உண்போரும் ஒருங்கே தெரிய வேண்டுமானால் அகலம் தேவை. தொழுகை அணிகளும் கடற்கரையும் குடும்பம் முழுவதும் கூடி நிற்கும் பெருநாள் காலையும் இவ்வகையே.

நிமிர்த்தி எடுப்போர் கவனிக்க வேண்டியவை சில:

எடுக்கத் தொடங்குமுன்பே வடிவத்தை முடிவு செய்யுங்கள். நடுவில் திருப்பினால் படம் பக்கவாட்டில் விழும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடித்தால் நடுக்கம் குறையும். பக்கவாட்டில் வீசாமல், மெல்ல மேலும் கீழுமாகக் காட்டுங்கள். பேசுபவரின் கண் மட்டத்தில் கருவி இருக்கட்டும். அவர் முகத்தில் சன்னல் வெளிச்சம் விழட்டும். அவருக்குப் பின்னே சுவர் இருப்பது நலம். கதவு திறந்திருந்தால் உள்ளறையில் நடமாடும் பெண்கள் குறுகிய சட்டத்துள்ளும் வந்துவிடக் கூடும். கருவி அருகில் இருந்தால்தான் குரல் தெளிவாகப் பதியும். எடுத்ததை அனுப்புமுன் ஒருமுறை முழுவதும் பாருங்கள். படத்தில் உள்ளவரின் சம்மதமின்றிக் குடும்பத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள். குறுகிய சட்டம் அயலாரைக் காக்கும். அனுப்பும் விரலை அது தடுக்காது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மும்பையிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல் பயணம் 1995உடன் முடிவுற்றது. கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்கள் இன்று முதுமையில் உள்ளனர். ஆண்டுதோறும் நம்மைப் பிரிந்துகொண்டிருக்கின்றனர். கடலில் கழிந்த நாட்கள், உடன் வந்தோர், முதன்முதலாகக் கஃபாவைக் கண்ட கணம் ஆகியவற்றை அவர்கள் வாயால் சொல்லக் கேட்பதற்கு இனி நெடுங்காலம் இல்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படியொரு பெரியவர் இருந்தால், அவரது அனுமதி பெற்று, அஸருக்குப் பின் பத்து நிமிடம் அவர் எதிரே அமருங்கள். கைப்பேசியை நிமிர்த்தி வைத்து, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவரைப் பேச விடுங்கள். ஒளிப்பதிவாளரோ விளக்குகளோ வேண்டியதில்லை. அடுத்த பெருநாளுக்குள் இதைச் செய்து முடிக்க அல்லாஹ் நமக்கு வாய்ப்பளிப்பானாக. ஆமீன்.