குனிந்தால் கிடைக்கும் படம்

யானையைப் படம் எடுக்க முதுமலைக்குப் போக வேண்டும். ஓணானைப் படம் எடுக்க அம்பத்தூர் காம்பவுண்டு சுவரே போதும். ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் தட்டான், பூந்தமல்லிப் பக்கத்து வீட்டு முருங்கையில் அணில், மழை பெய்தால் வாசல்படியில் தவளை என்று சென்னையின் மேற்குப் புறநகரில் சின்ன உயிர்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லோர் கையிலும் செல்போன் இருப்பதால் படங்களுக்கும் பஞ்சமில்லை. ஒரே அணிலை அறுபது படம் எடுத்துவிட்டு, எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று திணறுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

அறுபதும் ஒன்றுபோலவே இருப்பதற்கு முதல் காரணம், எல்லாம் நின்றபடி எடுத்தவை. மேலிருந்து பார்த்தால் அணிலின் முதுகும் சிமென்ட் தரையும்தான் தெரியும். அணிலின் கண் இருக்கும் உயரத்துக்கு கேமரா இறங்க வேண்டும். லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் இரண்டு சுண்டெலிகள் ஒரு துணுக்கு உணவுக்காக எழுந்து நின்று மல்லுக்கட்டும் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அதை எடுத்த சாம் ரவுலி, ஒரு வார காலம் இரவுகளில் பிளாட்பாரத்தில் குப்புறப் படுத்துக் காத்திருந்தார். சண்டை நடந்தது கண் இமைக்கும் நேரம்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2020-ல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது அந்த எலிப் படத்தைத்தான்.

இறங்கியபின் பார்க்க வேண்டியது பின்னணி. ஓணானுக்குப் பின்னால் கேபிள் ஒயரும் பிளாஸ்டிக் குடமும் தெரிந்தால், அரையடி நகர்ந்தாலே பல சமயம் அவை மறைந்துவிடும். உயிரினத்துக்கும் பின்னணிக்கும் இடையே தூரம் கூடக் கூட, பின்னணி மங்கி உயிரினம் எடுப்பாகத் தெரியும். அது பார்க்கும் திசையில் கொஞ்சம் வெற்றிடம் விட வேண்டும். மூக்குக்கு முன்னால் படம் முடிந்துவிட்டால் சுவரில் முட்டியதுபோல் இருக்கும். உச்சிவெயிலை விடக் காலை வெயில் நல்லது. ஓணான் அப்போதுதான் குளிர்காய வெளியே வரும்; உடம்பு சூடேறும்வரை சட்டென்று ஓடாது.

தட்டானைத் துரத்தி எடுக்கவே முடியாது. துரத்தவும் வேண்டாம். பல வகைத் தட்டான்கள் பறந்துபோனாலும் அதே குச்சி நுனிக்குத் திரும்ப வந்து உட்காரும். குச்சியைக் குறிவைத்து அசையாமல் இருந்தால் போதும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மின்மினிகளைப் படம் எடுத்த ஸ்ரீராம் முரளி செய்ததும் காத்திருப்புதான். தலா 19 விநாடி வீதம் 50 படங்கள் எடுத்து, 16 நிமிட மின்மினி வெளிச்சத்தை ஒரே படமாகச் சேர்த்தார். அதே லண்டன் போட்டியில் 2023-ல், முதுகெலும்பில்லாத உயிரினங்களுக்கான பிரிவில் அது முதலிடம் பெற்றது.

இனி அறுபதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை. முதலில் பெரிதாக்கிக் கண்ணைப் பார்க்க வேண்டும். கண் துல்லியமாக இல்லாவிட்டால் மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடலாம். அடுத்து வால், கால், இறக்கை எதுவும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டிலேயே அறுபது பத்தாகிவிடும். மிச்சமிருக்கும் பத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த உயிர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?

இங்கேதான் பலர் தவறான படத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாலைத் தூக்கி உதறி, கேமராவையே முறைத்துப் பார்க்கும் அணில் ‘போஸ்’ கொடுப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது பயந்துபோய், மற்ற அணில்களுக்கு எச்சரிக்கை விடுகிறது. எடுத்தவர் நெருங்கிப் போய்விட்டார் என்பதற்கான சாட்சி அந்தப் படம். ஆள் இருப்பதையே மறந்து, பழத்தை இரு கையால் பிடித்துக் கொறிக்கும் அணில் படம் அதைவிட ஒரு படி மேல்.

படத்துக்காக உயிரினத்தைப் படுத்தும் பழக்கமும் பரவியிருக்கிறது. அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைப் பிரிட்ஜில் வைப்பது, தவளையைப் பிடித்து இலைமேல் உட்கார வைப்பது, தையல்சிட்டின் கூடு நன்றாகத் தெரியட்டும் என்று முன்னால் இருக்கும் இலையைக் கிள்ளுவது. கிள்ளிய இலை கேமராவுக்கு மட்டும் வழிவிடுவதில்லை. காக்கைக்கும் வெயிலுக்கும் சேர்த்தே வழிவிடுகிறது. நல்ல படம் கிடைத்த அன்றே குஞ்சுகள் போய்விடலாம்.

போட்டி நடத்துபவர்களும் இதில் கண்டிப்பானவர்கள். 2017-ல் லண்டன் போட்டியில் பரிசு பெற்ற பிரேசில் எறும்புத்தின்னிப் படத்தில் இருந்தது பாடம் செய்த பொம்மை விலங்கு என்று நிபுணர்கள் முடிவுக்கு வந்தார்கள். எடுத்தவர் மறுத்தார். ஆனாலும் 2018-ல் பரிசு பறிக்கப்பட்டது.

காட்டுக்குப் போகாவிட்டாலும் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது என்று காட்டியவர் மா.கிருஷ்ணன். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளை யானைப் படங்களால் பெயர் பெற்றவர். 1950 முதல் 1996-ல் மறையும்வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவர் எழுதிய பத்தியில், யானைக்குக் கொடுத்த அதே மரியாதையை வீட்டுப் பக்கத்துக் காக்கைக்கும் அணிலுக்கும் கொடுத்தார்.

அந்த மரியாதை அதிகம் தேவைப்படுவது ஓணானுக்குத்தான். அணிலுக்கு ராமர் கதை துணை இருக்கிறது. ஓணானுக்குக் கல்லடிதான். அதன் கழுத்துச் சிவப்பைப் பார்த்து ரத்தம் உறிஞ்சுகிறது என்று பயமுறுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வரும் நிறம் அது, அவ்வளவுதான். காலை வெயிலில், கண்மட்டத்தில், யாருக்கும் பயப்படாமல் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் ஓணான் படம் ஒன்றை வீட்டில் மாட்டிப் பார்க்கலாம். தினமும் அதைப் பார்த்து வளரும் பிள்ளை, தெருவில் ஓணானைக் கண்டால் கல்லைத் தேடாது.