ஓருடலின் இரு படங்கள்

வடகரப்பதி முதலிய எல்லைப்புற ஊர்களில் வாழும் நம்மவருக்குப் பெரிய நோய் கண்டால், மருத்துவம் ஓரிடத்தில் முடிவதில்லை. பாலக்காட்டில் ஒரு ஸ்கேன் எடுப்பர். பின்னர் வாளையாற்றைக் கடந்து கோயமுத்தூரில் வேறொன்று எடுப்பர். மூணாற்றுத் தோட்டங்களில் உள்ளோர் தேனிக்கும் மதுரைக்கும் செல்வர். இங்ஙனம் பல ஊர்களில், பல கருவிகளில் எடுத்த படங்களை மருத்துவர் எவ்வாறு ஒன்றாகக் காண்கிறார் என்பதையும், அதற்கு நாம் செய்யத்தக்க உதவி யாது என்பதையும் இம்மாதம் ஆராய்வோம்.

சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் எடுக்கப்படுவது. 1971-ஆம் ஆண்டு லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை இம்முறையில் படமெடுக்கப்பெற்றது. இக்கருவியை ஆக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும், இதன் கணிதத்தை வகுத்த கார்மக்கும் 1979-இல் நோபெல் பரிசு பெற்றனர். எலும்பை இது தெளிவாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. காந்தப் புலத்தால் எடுக்கப்படுவது. மூளை, நரம்பு, தசை ஆகிய மெல்லிய பகுதிகளைக் காட்டுவதில் சிறந்தது. பெட் ஸ்கேனோ, சர்க்கரையை மிகுதியாக உட்கொள்ளும் இடங்களைச் சுட்டிப் புற்றைத் தேட உதவுவது. ஒன்று காட்டுவதை மற்றொன்று காட்டாது.

மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்யவேண்டும் என்று கொள்வோம். கட்டியின் விளிம்பு எம்.ஆர்.ஐ. படத்தில் நன்கு தெரியும். செலுத்தவேண்டிய கதிரின் அளவைக் கணக்கிடுவதற்கோ பெரும்பாலும் சி.டி. படமே வேண்டும். ஆகவே ஒன்றில் கண்ட விளிம்பை மற்றொன்றின்மேல் வரைய வேண்டும். சில மில்லிமீட்டர் விலகினாலும் நல்ல பகுதி கதிர்பட்டுக் கெடும். கட்டியில் ஒரு பகுதி தப்பும். உயிரோடு தொடர்புடைய கணக்கு இது.

நிலத் தகராறு வந்தால், பழைய சர்வே படத்தையும் புதிய படத்தையும் எல்லைக்கல், கிணறு ஆகிய மாறாக் குறிகளைக் கொண்டு பொருத்திப் பார்க்கிறோம் அல்லவா? கணிப்பொறியும் அதனையே செய்கிறது. ஒரு படத்தை மும்முகமாக நகர்த்தியும், மும்முகமாகத் திருப்பியும், மற்றதன்மேல் பொருந்தும் நிலையைத் தேடுகிறது. ஆயின் ஓர் இடர் உண்டு. சி.டி.யில் வெண்மையாகத் தோன்றும் எலும்பு எம்.ஆர்.ஐ.யில் கருமையாகத் தோன்றும். நிறத்தை நிறத்தோடு ஒப்பிடுதல் பயன்தராது. இதனைத் தீர்க்க 1995-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலும் பெல்ஜியத்திலும் இரு குழுவினர் ஒரு வழி கண்டனர். ஷானன் 1948-இல் வகுத்த தகவற் கோட்பாட்டைக் கொண்டு, இப்படத்தின் ஒரு நிறத்துக்கு நேரே அப்படத்தில் எந்நிறம் ஒழுங்காக வருகிறது என்று கணித்தனர். அவ்வொழுங்கு மிகும் நிலையே பொருந்திய நிலை.

மண்டையோடு உறுதியானது, ஆதலின் தலைக்கு இவ்வளவு போதும். நுரையீரலும் கல்லீரலும் மூச்சுக்கு மூச்சு அசைவன. அவற்றின் படத்தை வளைத்தும் நெகிழ்த்தியும் பொருத்த வேண்டும். அங்கே பிழை நேர இடம் மிகுதி. ஆகையால் கணிப்பொறி பொருத்தியதை மருத்துவர் தம் கண்ணாலும் சரிபார்த்தே ஏற்பர்.

நம் நாட்டிலும் இத்துறை வளர்ந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில், ‘தரணி’ என்னும் கருமூளைப் படத்தொகுதியை வெளியிட்டது. 5,132 மெல்லிய துண்டுகளைப் படமெடுத்து, முப்பரிமாணமாகத் திரட்டிய பெரும்பணி அது. ஒன்றோடொன்று பொருந்தாவிடில் அத்துண்டுகள் மூளையின் உருவத்தைத் தரா.

இனி நம் கடமை. ஸ்கேன் எடுத்ததும் பிலிமையும் அறிக்கையையும் பெற்று வந்துவிடுகிறோம். பலர் கைப்பேசியில் பிலிமைப் படம்பிடித்து அனுப்புகின்றனர். பொருத்துவதற்கு இது போதாது. 1993 முதல் ‘டைகாம்’ என்னும் பெயரில் வழங்கும் பொதுமுறையில், துண்டின் பருமன், புள்ளிகளின் இடைவெளி, உடல் கிடந்த நிலை ஆகியன படத்துடனேயே எழுதப்பட்டிருக்கும். இரயில்வேயில் முகவரிச் சீட்டு இழந்த பார்சலை உரிய இடம் சேர்ப்பது எத்துணை அரிது! அவ்விவரம் இழந்த படமும் அத்தகையதே.

ஆகவே, ஸ்கேன் நிலையத்தில் குறுந்தகட்டையோ, பென்டிரைவில் ஏற்றிய மூலப்படங்களையோ கேட்டுப் பெறுங்கள். உறையின்மேல் பெயர், நாள், ஊர் ஆகியவற்றை எழுதுங்கள். நோய் தீர்ந்ததென்று பழையதை எறிந்துவிடாதீர்கள். கட்டி வளர்ந்ததா, சுருங்கியதா என்பதைப் பழையதோடு பொருத்தியே அறியவேண்டும். மருத்துவர் மறுபடம் வேண்டுமென்றால் தயங்காது எடுங்கள். ஆயினும் பழைய தகட்டை முதலில் அவர் கையில் கொடுங்கள். வீண் செலவும், சி.டி.யாயின் வீண் கதிரும் குறையக்கூடும். ஊர்விட்டு ஊர் வாழும் நமக்கு, பத்திரங்களோடு பத்திரமாக வைக்கவேண்டிய பொருள்களில் இதுவும் ஒன்றாகும்.