உறங்குபவர்களுக்குப் புகை மணக்காது

லாச்சப்பலில் இருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் உள்ளது பாரிஸ் 18 ஆம் வட்டாரத்தின் மிர்ஹா வீதி. 2015 செப்ரெம்பர் 2 ஆம் நாள் அதிகாலை அங்கே ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் மூண்ட தீ, இரு சிறுவர்கள் உட்பட எட்டுப் பேரைப் பலிகொண்டது. பிரான்சின் ஒவ்வொரு வதிவிடத்திலும் ஒரு புகை எச்சரிக்கைக் கருவியேனும் இருத்தல் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது ஆறு மாதங்களே ஆகியிருந்தன. 2010 இல் இயற்றப்பட்ட அச்சட்டம் 2015 மார்ச் 8 இல் இருந்து கட்டாயமானது.

"அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தீ, கருவி என்ன செய்யும்?" என்று கேட்போர் எம்மிடையே உளர். தீயை யார் வைத்தாலும், அறைக்குள் முதலில் நுழைவது புகையே. ஆழ்ந்து உறங்குபவரை அதன் மணம் எழுப்பாது. கருவியின் ஒலியே எழுப்பும். கதவை அடைக்கவும் 18 ஐ அழைக்கவும் அந்தச் சில நிமிடங்களே வாய்ப்பளிக்கின்றன.

எமது மாணவர்களின் நிலை என்ன? வீட்டைத் தம் பெயரில் எடுத்து, அறைகளை உள்வாடகைக்கு விடுவோர் எம்மவரே. ஓர் அறையில் மூவர், நால்வர். ஒரே செருகியில் மின்னடுப்பும் சூடேற்றியும். வாடகையைத் திகதி தவறாது வாங்குவோர் கூரையை ஒருமுறையேனும் நிமிர்ந்து பார்த்ததுண்டா? கேள்வி கேட்டால் அறை பறிபோகும் என்று அஞ்சி மாணவர் மௌனம் காக்கின்றனர். அந்த அச்சத்தின் மீது நடக்கும் வணிகத்தை "உதவி" என்று அழைப்பது வெட்கக்கேடு.

சட்டம் தெளிவானது. கருவியைப் பொருத்துவது உரிமையாளரின் கடமை. தளபாடங்களுடன் விடப்படும் வீடுகளில் அதன் பராமரிப்பும் அவருடையதே. ஆனால் பொருத்தாதவருக்கு அச்சட்டம் தனியான தண்டம் எதனையும் விதிக்கவில்லை. இவ்வோட்டைக்குள்தான் எம்மவர் பலர் ஒளிந்துகொள்கின்றனர். ஏறக்குறைய இருபது யூரோவுக்குக் கிடைக்கும் பொருளுக்கு இத்தனை கஞ்சத்தனமா?

மாணவர்க்கும் கடமை உண்டு. தாளிக்கும்போது அலறுகிறது என்று மின்கலத்தைக் கழற்றி வைப்பது தற்கொலைக்கு ஒப்பானது. கருவியைச் சமையலறையில் பொருத்தாது, படுக்கையறைகளுக்குச் செல்லும் நடைவழியின் கூரையில் பொருத்துங்கள். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். படிக்கட்டில் புகை சூழ்ந்தால் வெளியே ஓடாதீர்கள்; கதவை மூடி, அடியிடைவெளியை ஈரத்துணியால் அடைத்து, சாளரத்தருகே நின்று உதவி கோருங்கள்.

2005 ஏப்ரலில் பாரிஸ்-ஒப்பேரா விடுதியில் 24 பேரும், அதே ஆண்டு ஓகஸ்டில் வின்சென்ற் ஓரியோல் பெருந்தெருவில் 17 பேரும் தீயில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலானோர் குடியேறிய ஏழைக் குடும்பத்தினர். நெருக்கடியான வதிவிடங்களில் தீ யாரைத் தேடி வருகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எமது சங்கங்கள் விழாக்களுக்கு மண்டபம் பிடிக்கின்றன, மலர் வெளியிடுகின்றன. அவற்றிடம் நாம் கேட்பது ஒன்றே: அறை விளம்பரங்களை ஏற்கும் முன், "கருவி உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அவ்விளம்பரத்தை மறுத்துவிடுங்கள். சாவுக்குப் பின் நிதி திரட்டும் சமூகமாக மட்டும் நாம் இருந்தது போதும்.